விரயமற்ற திருப்பணி

 

திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனாரின் வரலாற்றை அறியாத சைவ அன்பர் இலர். சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுக்க அவர் விரும்பினார். பொருள் தேடி வருந்தினார், கிடைக்கவில்லை. ஆகவே மனத்திலேயே கோயில் எழுப்பத் துணிந்தார். இந்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் சொல்லியிருக்கும் வரிசை ஊன்றிக் கவனிக்கத்தக்கது. நினைத்த மாத்திரத்தில் அக்கோயில் எழுந்து நின்றுவிடவில்லை. நாயனார் முதலில் நிதியைச் சேர்த்தார். அடுத்துப் பொருள்களைச் சேர்த்தார். பணி தெரிந்த தச்சர்களைத் தேடிக்கொண்டார். நல்ல நாளில் அடித்தளம் இட்டார். சிகரம் வரை முறை தவறாமல் எழுப்பிச் சுதை வேலை முடித்து, கிணறும் மதிலும் குளமும் அமைத்தார். எல்லாம் நிறைவேறிய பின்னரே பிரதிட்டைக்கு நாள் குறித்தார்.

மனத்தில் எழுந்த கோயிலுக்கே இத்தனை ஒழுங்கு இருந்தது. கல்லாலும் சிமெண்டாலும் ஊராரின் உழைப்பாலும் எழும்புகின்ற கோயிலுக்கு எத்தனை ஒழுங்கு வேண்டும்? திருப்பணியில் விரயம் என்பது எங்கே பிறக்கிறது, அதைத் தடுக்க வேண்டியவர் யார் என்பதே இவ்வுரையின் பொருள்.

வீணாவது யாருடைய பணம்?

பூச்சோங் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் நிறைந்த நிலம். பால்மரக் காட்டில் உழைத்தவர்கள் தகரக் கூரையின் கீழே தெய்வத்தை வைத்து வணங்கினார்கள். பின்னர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. ஈயக்குட்டைகளின் ஓரங்களில் கடைவீடுகள் எழுந்தன. தகரக் கூரை ஆலயங்களும் கருங்கல் தோற்றமும் கோபுரமும் கொண்ட ஆலயங்களாக வளர வேண்டும் என்னும் ஆசை இயல்பாகப் பிறந்தது. அந்த ஆசை நல்லது. ஆனால் அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மறந்துவிடலாகாது.

2025ஆம் ஆண்டில் அரசாங்கம் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தை 1,700 வெள்ளியாக உயர்த்தியது. வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. நன்கொடைப் புத்தகத்தில் 50 வெள்ளி எழுதுகின்ற ஒரு தொழிலாளி, தம் ஒரு நாள் உழைப்பில் பெரும்பகுதியை ஆண்டவனின் திருவடியில் வைக்கிறார். தவறான இடத்தில் எழுப்பப்பட்டு இடிக்கப்படும் ஒரு சுவர் அத்தகைய பலருடைய உழைப்பை மண்ணாக்கிவிடுகிறது. ஆகவே திருப்பணியில் விரயம் என்பது வெறும் கணக்குப் பிழையன்று. அது நம்பிக்கைக்குச் செய்யும் பிழை.

கண்ணுக்குத் தெரியாத விரயம்

விரயம் என்றவுடன் உடைந்த செங்கற்களும், சிதறிக் கிடக்கும் மணலும், வளைந்த கம்பிகளும் நினைவுக்கு வருகின்றன. இவை விரயத்தின் சிறு பகுதியே. ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் உற்பத்தி முறையை வகுத்த டாயிச்சி ஓனோ, விரயத்தை ஏழு வகையாகப் பிரித்தார். தேவைக்கு மேல் செய்தல், காத்திருத்தல், வீணாகச் சுமந்து திரிதல், வேண்டாத வேலையைச் செய்தல், மிகையாகச் சேர்த்து வைத்தல், வீண் நடமாட்டம், பழுதாகச் செய்து திருத்துதல் ஆகியவை அந்த ஏழு. இவற்றுள் பெரும்பாலானவை குப்பைத் தொட்டியில் தென்படுவதில்லை. பின்லாந்து அறிஞர் லாவ்ரி கொஸ்கெலா, 1992இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் எழுதிய அறிக்கையில் இத்தகைய சிந்தனையைக் கட்டுமானத் துறைக்குக் கொண்டுவந்தார்.

1998இல் பிரிட்டனில் சர் ஜான் ஈகன் தலைமையிலான பணிக்குழு அந்நாட்டு அரசாங்கத்திற்கு ஓர் அறிக்கை அளித்தது. கட்டுமானத்தில் 30 விழுக்காடு வரை செய்ததையே திரும்பச் செய்யும் வேலை. தொழிலாளர்களின் ஆற்றலில் 40 முதல் 60 விழுக்காடு மட்டுமே பயன்படுகிறது. பொருள்களில் குறைந்தது 10 விழுக்காடு வீணாகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைக் கொண்டு அந்த அறிக்கை எடுத்துரைத்தது. இம்மூன்று எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். கண்ணுக்குத் தெரிகின்ற பொருள் விரயமே மூன்றிலும் சிறியது. காத்திருப்பும் மறுவேலையும் அதனினும் பெரியவை.

அந்தப் பெரிய விரயத்திற்குக் காரணம் பெரும்பாலும் கரண்டி பிடித்த கொத்தனார் அல்லர். வரைபடம் முடிவாகாமலேயே வேலையைத் தொடங்கச் சொன்னவர்களும், பாதி வேலையில் மனம் மாறியவர்களுமே. ஆலயத் திருப்பணியில் அந்த முடிவுகளை எடுப்பது நிர்வாகக் குழு. ஆகவே விரயத்தைத் தடுக்கும் சாவியும் நிர்வாகக் குழுவின் கையில்தான் இருக்கிறது.

வரைபடத்திலேயே கட்டி முடித்தல்

ஆலயக் கட்டடத்திற்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஸ்தபதி, அவர் ஆகம, சிற்ப சாஸ்திர அளவுகளின்படி கருவறை, அர்த்த மண்டபம், விமானம் ஆகியவற்றை வகுப்பவர். மற்றொருவர் பொறியாளர், அவர் கடைக்கால், தூண், உத்தரம் ஆகியவற்றின் வலிமையைக் கணக்கிடுபவர். இருவருடைய வரைபடங்களும் ஒன்றோடொன்று பொருந்தாத இடத்தில்தான் சுவர் இடிபடுகிறது.

அபிடேக நீர் வெளியேறும் கோமுகிக்கு வழி விடாமல் காங்கிரீட் ஊற்றிவிட்டுப் பிறகு துளைப்பது, பூசி முடித்த சுவரை மின்கம்பிக் குழாய்க்காகக் கொத்துவது, மண்டபத் தளத்தின் உயரம் சன்னிதிப் படியோடு ஒத்துவராமல் மீண்டும் தளம் போடுவது ஆகியவை எல்லாம் ஒரு மேசையைச் சுற்றி ஒரு நாள் அமர்ந்திருந்தால் தவிர்க்கக்கூடியவை. ஸ்தபதி, பொறியாளர், குத்தகையாளர், மின்பணியாளர், ஆலயக் குருக்கள் ஆகிய ஐவரும் முதல் செங்கல் வைக்கும் முன் ஒன்றுகூடி, வரைபடத்திலேயே கோயிலை ஒருமுறை கட்டிப் பார்க்க வேண்டும். குருக்களைச் சேர்ப்பது மரியாதைக்காக மட்டுமன்று. எந்த இடத்தில் குடம் வைக்கப்படும், எங்கே அடியார்கள் வலம் வருவார்கள், எங்கே நீர் தேங்கும் என்பது அன்றாடம் பூசை செய்பவருக்கே தெரியும்.

1984ஆம் ஆண்டின் ஒருசீர் கட்டடத் துணைச்சட்டங்களின்படி ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் பெற்ற வரைபடமே கட்டடத்திற்கு அடிப்படை. பூச்சோங்கின் பெரும்பகுதி சுபாங் ஜெயா மன்றத்தின் ஆட்சிக்கு உட்பட்டது. அம்மன்றம் 2020இல் மாநகர் மன்றமாகத் தகுதி உயர்ந்தது. ஒப்புதல் வருமுன் எழுப்பிய பகுதியை இடிக்க நேர்ந்தால், அதைப் போன்ற விரயம் வேறில்லை. காலம் தாழ்ந்தாலும் ஒப்புதலுக்குக் காத்திருப்பதே சிக்கனம்.

அளவில் அடங்கும் சிக்கனம்

சிற்ப சாஸ்திரம் ஓர் அடிப்படை அளவைக் கொண்டே எல்லா உறுப்புகளையும் வகுக்கிறது. தூணின் தடிமனும் வாயிலின் உயரமும் விமானத்தின் அடுக்குகளும் அந்த ஓர் அளவின் மடங்குகளாகவும் பகுதிகளாகவும் அமைகின்றன. இக்காலக் கட்டுமானத் துறையிலும் அதே கருத்து வழங்குகிறது. 100 மில்லிமீட்டரை ஓர் அலகாகக் கொண்டு சுவர், கதவு, சன்னல் யாவற்றையும் அதன் மடங்குகளில் அமைப்பது பொருள் விரயத்தைக் குறைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு போதும். 600 மில்லிமீட்டர் சதுரத் தரைக்கற்களைப் பதிக்கப்போகும் ஒரு மண்டபத்தின் அகலம் 12.4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 20 கற்கள் 12 மீட்டரை நிரப்பும். மீதி 400 மில்லிமீட்டருக்காக ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கல்லை வெட்ட வேண்டும். வெட்டிய கல்லில் மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குப் போகும். மண்டபத்தின் நீளம் 18 மீட்டர் எனில் 30 வரிசைகள். அதாவது 30 கற்கள் வெட்டுப்படும். அகலத்தை 12.6 மீட்டராக முதலிலேயே வைத்திருந்தால் 21 கற்கள் வெட்டாமல் பொருந்தும். வெட்டும் கூலியும் உடைவும் மிச்சம்.

இரும்புக் கம்பிக்கும் இதே கணக்குத்தான். கடையில் கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. 5 மீட்டர்த் துண்டுகள் மட்டும் வேண்டும் என்று வெட்டினால், ஒவ்வொரு கம்பியிலும் 2 மீட்டர் மிஞ்சும். ஆறில் ஒரு பங்கு வீண். 7 மீட்டர்த் துண்டும் 5 மீட்டர்த் துண்டும் தேவைப்படும் இடங்களைச் சேர்த்துப் பட்டியலிட்டு வெட்டினால் மிச்சமே இராது. கம்பி வெட்டுவதற்கு முன் வெட்டுப் பட்டியல் எழுதச் சொல்லிக் குத்தகையாளரைக் கேட்பது நிர்வாகத்தின் உரிமை.

வெளியே செய்து உள்ளே கோத்தல்

பூச்சோங் மக்கள் இன்னொரு முறையையும் நேரில் பார்த்திருக்கிறார்கள். 2016இல் பூச்சோங் வழியாகப் புத்ரா ஹைட்ஸ் வரை நீண்ட எல்.ஆர்.டி. மேம்பாலத்திற்கான காங்கிரீட் பெட்டித் துண்டுகள் வேறிடத்தில் வார்க்கப்பட்டு, லாரிகளில் வந்து, சாலைக்கு மேலே ஒன்றோடொன்று கோக்கப்பட்டன. கூரையின் கீழே ஒரே அச்சில் வார்க்கும்போது பலகை வீணாவதில்லை; மழை வேலையைக் கெடுப்பதில்லை; பழுதான துண்டு மேலே ஏறுவதில்லை.

இது ஆலயத்திற்குப் பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். ஹவாயின் கவாய் தீவில் உள்ள இறைவன் கோயில் அதற்கு விடை. சத்குரு சிவாய சுப்பிரமுனியசுவாமி நிறுவிய அந்த ஆதீனத்தின் சோழர் பாணிக் கருங்கல் கோயிலைக் கணபதி ஸ்தபதி வடிவமைத்தார். 1990 முதல் பெங்களூரில் சிற்பிகள் கையால் கற்களைச் செதுக்கினார்கள். செதுக்கிய கற்கள் கப்பலேறித் தீவுக்குச் சென்று அங்கே அடுக்கப்பட்டன. 2023 மார்ச் மாதம் அக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. லண்டனில் 1995இல் திறக்கப்பட்ட சுவாமிநாராயண் ஆலயமும் அவ்வாறே. 26,000க்கும் மேற்பட்ட கல் துண்டுகள் இந்தியாவில் செதுக்கப்பட்டு அங்கே பொருத்தப்பட்டன. ஒரு கல் அளவு தவறினால் அடுத்த கல் உட்காராது. ஆகவே அங்கே வரைபடமே முதற் கோயிலாக இருந்தது.

இறைவன் கோயிலின் அடித்தளமும் கவனத்திற்கு உரியது. 1999இல் இடப்பட்ட அந்தக் காங்கிரீட் தளத்தில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் குமார் மேத்தாவின் அறிவுரைப்படி, சிமெண்டில் பாதிக்கும் மேற்பட்ட பகுதிக்குப் பதிலாக நிலக்கரி அனல்மின் நிலையத்தின் சாம்பல் சேர்க்கப்பட்டது. அத்தகைய கலவை மெதுவாக இறுகும், அதனால் வெப்பம் குறையும், வெடிப்பும் குறையும். தூக்கி எறியப்படும் சாம்பலே நெடுங்காலம் நிற்கும் கோயிலுக்கு அடித்தளமாயிற்று.

உபயமும் கையிருப்பும்

ஆலயத் திருப்பணிக்கே உரிய ஒரு விரயம் உண்டு. அது பக்தியிலிருந்தே பிறப்பது. நல்ல நாளில் அன்பர்கள் பலரும் சிமெண்டு மூட்டைகளை உபயமாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். மனம் குளிர்கிறது, படம் எடுக்கப்படுகிறது. ஆனால் அன்று கடைக்கால் குழிகூட வெட்டப்பட்டிருக்காது. சிமெண்டு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மூன்று மாதம் வைத்திருந்த சிமெண்டு தன் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும் என்பது கட்டுமானப் பாடநூல்கள் கூறும் கணக்கு. கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் தரையோடு கிடக்கும் மூட்டை கல்லாகவே மாறிவிடும். அன்பர் கொடுத்த உபயம் அன்பரின் கண் முன்னே குப்பை லாரியில் ஏறுவதை எந்த நிர்வாகமும் விரும்பாது.

இதற்கு வழி எளிது. மூட்டையைப் பெறாமல் மூட்டைக்குரிய தொகையைச் சீட்டுப் போட்டுப் பெறலாம். எத்தனை மூட்டை யாருடைய உபயம் என்று பதிவேட்டில் எழுதலாம். கடைக்காரரிடம் ஒட்டுமொத்தமாக விலை பேசி, வேலைக்கு ஏற்ப வாரந்தோறும் இறக்கச் சொல்லலாம். உபயதாரரின் மூட்டை கருவறையில் சேர்ந்ததா, கோபுரத்தில் சேர்ந்ததா என்று சொல்லவும் அந்தப் பதிவேடு உதவும். இடத்தில் இறங்கும் மூட்டைகளைப் பலகையின் மேல், சுவரை ஒட்டாமல், கூரையின் கீழே அடுக்கி, முதலில் வந்ததை முதலில் எடுக்க வேண்டும்.

காத்திருக்கும் கைகள்

தமிழகத்திலிருந்து வரும் சிற்பிகளுக்குக் குறிப்பிட்ட கால அனுமதியே கிடைக்கிறது. அவர்கள் வந்து இறங்கும் நாளில் விமானத்தின் காங்கிரீட் வேலை முடிந்திராவிட்டால், உணவும் உறைவிடமும் ஊதியமும் கொடுத்து அவர்களை உட்கார வைக்க நேரும். பிறகு அனுமதி முடியும் தறுவாயில் சுதை வேலை அவசர அவசரமாக நடக்கும். காத்திருத்தலும் பழுதும் இப்படித்தான் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

1990களில் அமெரிக்காவில் கிளென் பாலார்ட், கிரெக் ஹவல் ஆகிய இருவரும் கட்டுமானப் பணிகளை வாரக் கணக்கில் ஆராய்ந்தார்கள். அந்த வாரத்தில் முடிப்பதாகத் திட்டமிட்ட வேலைகளில் பாதியளவே முடிந்திருந்தது. அவர்கள் கண்ட மருந்து எளியது. வேலை செய்யப்போகிறவரையே கேட்டு வாக்குறுதி பெறுவது. பொருள், ஆள், வரைபடம், முந்தைய வேலை ஆகிய நான்கும் ஆயத்தமாக இருக்கும் வேலையை மட்டுமே வாரப் பட்டியலில் சேர்ப்பது. வார இறுதியில் எத்தனை முடிந்தது, முடியாதவற்றிற்குக் காரணம் என்ன என்று எழுதுவது. ஆலய மண்டபத்தில் ஒரு கரும்பலகையும் வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பின் அரை மணி நேரமும் இதற்குப் போதும். குற்றம் சாட்டுவதற்காக அன்று. அடுத்த வாரம் அதே காரணம் மீண்டும் வராமல் காப்பதற்காக.

கிள்ளான் பள்ளத்தாக்கில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகும். பெரும்பாலும் பிற்பகலில் இடியுடன் பொழியும். வெளிப்பூச்சையும் வண்ணத்தையும் அம்மாதங்களில் வைத்துவிட்டு மழையை நொந்துகொள்வதில் பயனில்லை.

மிஞ்சியவை எங்கே போகின்றன?

பூச்சோங்வாசிகளுக்குக் குப்பையின் வரலாறு புதிதன்று. இங்குள்ள ஆயர் ஈத்தாம் குப்பை நிலம் 1995 முதல் 2006 வரை கிள்ளான் பள்ளத்தாக்கின் கழிவுகளைத் தாங்கியது. அங்கே மக்கிய குப்பையின் வாயுவிலிருந்து 2004 முதல் மின்சாரம் எடுக்கப்பட்டது. ஆனால் உடைந்த காங்கிரீட் மக்காது, வாயுவும் தராது. ஆற்றோரத்திலோ ஆளில்லா நிலத்திலோ இரவில் கொட்டப்பட்டால் அங்கேயே கிடக்கும். கழிவை ஏற்றிச் செல்லும் லாரி எங்கே கொட்டுகிறது என்று கேட்டு, இரசீது பெறுவது ஆலயத்தின் கடமை.

பழைய ஆலயத்தைப் பிரிக்கும்போதே பகுக்க வேண்டும். செங்கால் மரத்தூண்கள், நல்ல தகரம், கதவுகள் ஆகியவற்றைப் பாலாலயத்திற்கே பயன்படுத்தலாம். உடைந்த செங்கல்லும் காங்கிரீட்டும் பள்ளம் நிரப்ப உதவும். பழைய கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருக்கக்கூடும். அதை உடைத்தால் தூசு நுரையீரலில் தங்கிப் பெருங்கேடு செய்யும். 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு ஒழுங்குவிதிகளில் ஆஸ்பெஸ்டாஸ் கழிவும் இடம்பெற்றுள்ளது. ஆகவே கூட்டுப்பணிக்கு வரும் இளைஞர்களிடம் அதைக் கொடுக்காமல், உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். மூடாத மணற்குவியல் மழையில் கால்வாயை அடைத்து அண்டை வீட்டாருக்கு வெள்ளத்தைத் தரும். வாளியிலும் பலகைக் குழியிலும் தேங்கிய நீர் ஏடிஸ் கொசுவை வளர்த்து டிங்கியைத் தரும். கோயில் எழும்போது அண்டை வீட்டுக் குழந்தை நோயுறலாகாது.

நாள் குறித்தல்

இறுதியாக, எல்லா விரயங்களுக்கும் தாய் போன்ற ஒன்று உண்டு. அது முந்திக் குறித்த குடமுழுக்கு நாள். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது என்பதற்காக ஈரம் உலராத பூச்சின் மேல் வண்ணம் தீட்டினால், சில மாதங்களில் அது உரியும். சாரத்தைப் பிரித்த பின் மீண்டும் கட்டி, மீண்டும் தீட்ட வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் நிற்க வேண்டிய வேலைக்கு ஓர் ஆண்டிலேயே மறுபடியும் நன்கொடைப் புத்தகம் அச்சிட நேரும். பெரிய வேலைகள் யாவும் முடிந்து, பொறியாளரும் ஸ்தபதியும் எழுதிக் கையொப்பமிட்ட பின் நாள் குறிப்பதே முறை.

காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னனும் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். அந்த நாள் பூசலாருடைய கோயிலுக்கு உரியது, நீ வேறு நாள் வைத்துக்கொள் என்று இறைவன் கனவில் பணித்தான். மன்னன் மறுக்கவில்லை. ஓர் அரசனே தன் நாளைத் தள்ளிவைத்தான் என்றால், ஒரு நிர்வாகக் குழு அவ்வாறு செய்வதில் மானக்குறைவு ஏதும் இல்லை.

திருப்பணி முடிந்ததும் வரவு செலவுக் கணக்கோடு இன்னொரு பட்டியலையும் ஆலயப் பலகையில் ஒட்டலாம். வாங்கியது எவ்வளவு, கட்டடத்தில் சேர்ந்தது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு, அது எங்கே போயிற்று என்ற நான்கு வரிகள் போதும். 50 வெள்ளி கொடுத்த அன்பர் அதைப் படித்துவிட்டுக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கைகூப்புவார். தம் உழைப்பு முழுவதும் அங்கே நிற்கிறது என்னும் நிறைவு அவருக்கு வரும். அந்த நிறைவே திருப்பணியின் பயன்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்க.